தூக்குத் தண்டனைக் கைதிக்குரிய சட்டவழிகள்: சேலம் தீர்ப்பை முன்வைத்து

தூக்குத் தண்டனைக் கைதிக்குச் சட்டம் அளவுக்கு மீறி வாய்ப்பளிக்கிறது என்றும், அவை காலம் கடத்தவே பயன்படுகின்றன என்றும் சட்டத்துறையினர் பலர் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். அவ்வாதம் பிழையானது என்பதே இவ்வுரையின் துணிபு.

அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை, கைதி மேல்முறையீடு செய்யாவிடினும், உயர் நீதிமன்றம் உறுதிசெய்தாலன்றி நிறைவேற்ற இயலாது. அதன்பின் உச்ச நீதிமன்ற மேல்முறையீடு, அந்நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மீளநோக்கும் சீராய்வு மனு, 2002ஆம் ஆண்டின் ரூபா அசோக் ஹுர்ரா தீர்ப்பு வகுத்த மறுசீராய்வு மனு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அனுப்பப்படும் கருணை மனு என வழிகள் தொடர்கின்றன. இவற்றுள் சீராய்வே மிகுதியாகப் பழிக்கப்படுவது. அதன் பயனைச் சேலத்தில் விசாரிக்கப்பட்ட வழக்கொன்றே காட்டுகிறது.

2000 பிப்ரவரி 2 அன்று, பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதா தண்டிக்கப்பட்டதை எதிர்த்த கலவரத்தில், தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டு மாணவியர் மூவர் மாண்டனர். சாட்சிகள் பிறழ்ந்ததால், மகளை இழந்த தந்தை ஒருவர் உயர் நீதிமன்றத்தை நாட, புது விசாரணை சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் குற்றவாளிகள் மூவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வும் அதனை உறுதிசெய்தன.

அக்காலத்தில் சீராய்வு மனு, வழக்கறிஞர் வாதமின்றி, நீதிபதிகளின் அறைக்குள் தாள்களைச் சுற்றுக்கு விட்டே முடிவுசெய்யப்பட்டது. 2014 செப்டம்பரில் முகமது ஆரிப் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, மரண தண்டனைச் சீராய்வை மூன்று நீதிபதிகளேனும் திறந்த நீதிமன்றத்தில் கேட்க வேண்டும் என விதித்தது. ஒரே சான்றுகளைக் கொண்டு இரு நீதிபதிகள் நேரெதிர் முடிவுக்கு வரக்கூடும், பறிக்கப்பட்ட உயிரோ மீளாது என்பதே அதன் அடிப்படை. வாதத்துக்குரிய உச்ச அளவு அரைமணி நேரம். அதனைக் காலக்கடத்தல் என்பது பொருந்தாது. 2016 மார்ச்சில் மூவர் அமர்வு தருமபுரி வழக்கை மீளநோக்கி, தண்டிக்கப்பட்ட மூவரும் மாணவியரைக் கொல்லும் நோக்கோடு வந்தவரல்லர், கூட்ட வெறியில் தன்னிலை இழந்தவர் என்று கண்டு தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. குற்றத்தீர்ப்பு அப்படியே நின்றது, சான்றுகளும் மாறவில்லை.

2018 நவம்பரில் மூவரும் விடுவிக்கப்பட்டதைச் சுட்டி, சீராய்வே அநீதிக்கு வழிவிட்டது என்பர். மாணவியரின் பெற்றோரது துயரம் நியாயமானது. எனினும் விடுதலை, அரசின் பரிந்துரையால் ஆளுநர் ஆணையாக வந்தது. நிருவாகத்தின் செயலுக்கு நீதிமன்றத்தின் சீராய்வைப் பழிப்பது முறையன்று.

கருணை மனுவைப் பொறுத்தவரை, காரணமற்ற நீண்ட தாமதம் தண்டனைக் குறைப்புக்கு இடமளிக்கும் எனவும், மனு தள்ளுபடியான செய்தி கைதியை எட்டியபின் 14 நாள் இடைவெளி வேண்டும் எனவும் சத்ருகன் சௌகான் தீர்ப்பு (2014) கூறியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 472ஆம் பிரிவு அம்மனுவுக்குக் காலவரம்பு விதித்து, அதன்மீதான முடிவை நீதிமன்றம் ஆராய்வதையும் தடுக்க முனைகிறது. இது தனி ஆய்வுக்குரியது.

பல கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் 1995இல் தூக்கிலிடப்பட்டதும் இதே சேலத்தின் மத்திய சிறையில்தான். நிறைவேற்றியபின் திருத்த இயலாத தண்டனையைச் சட்டநூலில் வைத்துள்ள நாடு, அதற்குமுன் திறந்த நீதிமன்றத்தில் அரைமணி நேரம் செவிகொடுப்பதைச் சுமையெனக் கருதலாகாது.