மச்சைத் துளைத்த மாசிப் பனி

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அமெரிக்க அனுபவம்னு ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். சம்பளம், வீடு, கார் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது கரண்ட் இல்லாமல் கழிந்த மூன்று நாள் பற்றி. அதில் நான் செய்த ஒரு பெரிய முட்டாள்தனம் பற்றி.

நம்ம புதுச்சேரி, ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கினாலே மஃப்ளர் கட்டிக்கொள்கிற ஊர். நான் இருப்பது டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின். அதுவும் வெயில் ஊர்தான், கோடையில் 40 டிகிரி சர்வசாதாரணம். அங்கே கட்டுகிற வீடு, போடுகிற குழாய், நிறுத்துகிற டர்பைன் எல்லாமே சூட்டை வெளியே தள்ளுவதற்காகச் செய்தவை. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் தொடக்கத்தில் என் மனைவியின் பிரசவத்துக்காக அம்மா முத்தியால்பேட்டையிலிருந்து வந்தார்கள். அதே மாதம் கொரோனாவால் விமானங்கள் நின்றன. வந்தவர்கள் திரும்ப முடியவில்லை. ஆகவே 2021 பிப்ரவரியில் வீட்டில் நான், மனைவி, ஏழு மாதக் குழந்தை, அம்மா என்று நான்கு பேர். இரண்டாம் மாடியில் ஒரு அடுக்குமாடி வீடு. அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் எல்லாமே மின்சாரம். கேஸ் இணைப்பே கிடையாது.

பிப்ரவரி 15, திங்கட்கிழமை விடியற்காலை கரண்ட் போச்சு. வெளியே அரை அடிக்குப் பனி. அந்த இரண்டு நாளில் ஆஸ்டினில் வெப்பநிலை மைனஸ் 14 வரை இறங்கியது. "சுழற்சி முறையில் அரை மணி, முக்கால் மணி நேரம் நிறுத்துவோம்" என்று முன்னதாக அறிவிப்பு வந்திருந்தது. நானும் நம்பினேன். சாயங்காலம் வரை வரவில்லை. வீட்டுக்குள்ளே வைத்திருந்த தெர்மாமீட்டர் 5 டிகிரி காட்டியது. நம்ம வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற குளிர்.

எனக்குத் தைரியம் இருந்தது, ஏன் மறைக்க? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது நான் இறுதியாண்டு மாணவன். ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியதும், விடிந்து பார்த்தால் சவுக்குத் தோப்பு சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து கிடந்ததும் என் வகுப்புத் தோழர்களுக்கு நினைவிருக்கும். வீட்டில் அம்மா முந்தின நாளே குடம், அண்டா, குளிக்கிற வாளி வரை தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். நாலைந்து நாள் கரண்ட் இல்லாமல் ஓட்டினோம். "தானேயைப் பார்த்தவனுக்கு இது என்ன?" என்ற நினைப்பு. தானேயில் கற்ற பாடமும் கைகொடுத்தது: அம்மா சொன்னபடி ஞாயிறே குளியல் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தேன். புதன்கிழமை நகரம் முழுக்கக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கணும் என்று அறிவித்தார்கள். காய்ச்சத்தான் கரண்ட் இல்லையே!

ஆனால் எல்லாப் பாடமும் எல்லா ஊருக்கும் செல்லாது.

திங்கள் ராத்திரி. குழந்தை கை கால் ஐஸ் மாதிரி. பால்கனியில் ஒரு சின்ன பார்பெக்யூ அடுப்பும் அரை மூட்டைக் கரியும் இருந்தன. நம்ம வீடுகளில் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் குமுட்டி அடுப்பில் கங்கு எடுத்து சாம்பிராணி போடுவோம் இல்லையா? அந்த நினைவில் அம்மா சொன்னார்கள்: "புகை அடங்கட்டும் தம்பி, வெறும் கங்கா ஆனதும் உள்ள கொண்டாந்து வை. கொழந்த வெறைச்சிப் போவுது."

நான் யோசித்தேன். யோசித்துத்தான் செய்தேன், அதுதான் வெட்கம். புகை இருந்தால் ஆபத்து, புகை இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று கணக்குப் போட்டேன். குளிர் வராமல் இருக்க ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றிலும் துணி அடைத்திருந்தோம். நடுக்கூடத்தில் கங்கைக் கொண்டுவந்து வைத்தேன். இதமாக இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்தியது. அம்மா "அப்பாடா" என்றார்கள்.

அரை மணி நேரம் போயிருக்கும். எனக்கு லேசான தலைவலி. தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். மனைவி வயிற்றைப் புரட்டுது என்றாள். குழந்தை நன்றாகத் தூங்கியது. ரொம்ப நன்றாகத் தூங்கியது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுப் பெரியவர், மினசோட்டாவிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். தன் பால்கனியில் கேம்பிங் ஸ்டவ்வில் காய்ச்சிய வெந்நீரை ஒரு ஃபிளாஸ்கில் குழந்தைக்காகக் கொண்டுவந்திருந்தார். கதவைத் திறந்ததும் கூடத்தில் சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்தார். ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, "வெளியே! எல்லாரும் உடனே வெளியே!" என்று கத்தினார். கையுறையோடு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனியில் கவிழ்த்தார். குழந்தையை எழுப்பினோம். அது வீரிட்டு அழ நாலைந்து விநாடி ஆயிற்று. அந்த நாலைந்து விநாடியை நான் இங்கே விவரிக்க விரும்பவில்லை.

கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். கரி போதிய காற்றில்லாமல் கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்து ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். புகை அடங்கிய கங்குதான் அதை நன்றாக உற்பத்தி செய்கிறது. முத்தியால்பேட்டை வீட்டில் முற்றம் உண்டு, ஓட்டுக்கூரையில் ஆயிரம் இடுக்கு உண்டு. அம்மாவின் அனுபவம் பொய்யில்லை. அந்த வீட்டுக்கு மெய். அந்தப் புயலில் டெக்சாஸ் அரசுக் கணக்குப்படி 246 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளிரால். 19 பேர் இந்த வாயுவால்.

பிறகு பெரியவர் எங்களுக்குக் குளிர் வகுப்பு எடுத்தார். வீடு முழுக்கச் சூடாக்க நினைக்காதே, உள்பக்கமுள்ள ஒரு சின்ன அறையைப் பிடி. கட்டிலுக்கு மேல் கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டுக் கூடாரமாக்கு. நான்கு பேரும் அதற்குள்ளேயே படுங்கள், மனித உடம்புதான் ஹீட்டர். வியர்வை ஈரம் பட்ட துணியை மாற்று. போன் சார்ஜ் பண்ணக் காரை ஓட்டினால் திறந்த வெளியில் ஓட்டு, கராஜுக்குள் வேண்டாம். குழாயைச் சொட்டு சொட்டாகத் திறந்து வை. இந்தக் கடைசி விஷயத்தில் நாங்கள் தாமதம். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும், குழாயைப் பிளந்துவிடும். எங்கள் குழாய் கூரைக்கு அடியில் மச்சில் ஓடுகிறது. பனி உருகத் தொடங்கியதும் கூடத்துக் கூரை அட்டை பொத்துக்கொண்டு தண்ணீர் கொட்டியது. "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்க, இங்க மெய்யாவே துளைக்குதே" என்றார்கள் அம்மா. அன்று மாசி ஐந்தாம் தேதி! மூன்று நாளில் முதல்தடவையாகச் சிரித்தோம்.

இனி இன்ஜினியர்களுக்கான பகுதி. மற்றவர்கள் காபி குடிக்கப் போகலாம்.

டெக்சாஸ் மின்பளுவில் சுமார் 90 சதவீதத்தை நிர்வகிக்கும் எர்காட் கிரிட், மற்ற மாநிலங்களோடு ஒத்திசைவில் இல்லாத தனிக் கிரிட். வெளியிலிருந்து டி.சி. இணைப்பு வழியாக வரக்கூடியது 1,200 மெகாவாட் அளவுதான். ஞாயிறு மாலை தேவை 69,000 மெகாவாட்டைத் தாண்டியது. பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சார ஹீட்டர் ஆயிற்றே! அதே இரவில் மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. டர்பைன்கள் கொட்டகை இல்லாமல் வெட்டவெளியில் நிற்கின்றன, சூடு போகணும் என்பதற்காக. அளவு காட்டும் மெல்லிய குழாயில் தண்ணீர் உறைந்தால் போதும், கருவி தப்பாகக் காட்டும், யூனிட் நின்றுவிடும். ஒரு அணு உலையே அப்படி நின்றது.

திங்கள் அதிகாலை 2 மணிக்குச் சற்று முன் 60 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய அதிர்வெண் 59.3-க்கு இறங்கியது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாட்டின் நடை தளர்கிறதே, அதுதான். 59.4-க்குக் கீழே 9 நிமிடம் நின்றால் மிச்ச ஜெனரேட்டர்களும் தம்மைக் காத்துக்கொள்ளக் கழன்றுவிடும். அன்று நின்றது 4 நிமிடம் 23 விநாடி. தாண்டியிருந்தால் மாநிலமே இருண்டு, மீட்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். பளுவை வெட்டி வெட்டித்தான் காப்பாற்றினார்கள். உச்சத்தில் 20,000 மெகாவாட். அவ்வளவு வெட்டியபின், ஆஸ்பத்திரியும் தீயணைப்பு நிலையமும் இருக்கிற ஃபீடர்களைத் தவிர சுழற்றுவதற்கு ஃபீடரே மிச்சமில்லை. எங்கள் தெரு மூன்று நாள் இருட்டில் கிடந்த காரணம் அதுதான்.

அதைவிடக் கேளுங்கள். மின்நிலையங்களுக்கு வாயு அனுப்பும் கம்ப்ரசர்கள் பல மின்சாரத்தில் ஓடுபவை. முக்கியப் பளு என்று பதிவு செய்ய ஒரு சின்னப் படிவம் உண்டு. பலர் அதை நிரப்பித் தரவில்லை. ஆகவே மின்சாரத்தைக் காப்பாற்ற வெட்டிய ஃபீடரில் மின்சாரத்துக்கான எரிபொருளே நின்றது. ரிலே டிசைன் செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். எனக்கு இது செய்தித்தாள் விஷயம் இல்லை.

தெரியாமல் நடந்ததும் இல்லை. 1989-ல் உறைந்தது, 2011 பிப்ரவரியில் உறைந்தது, குளிர்காப்பு செய்யுங்கள் என்று அறிக்கை வந்தது. கட்டாயமில்லை என்பதால் பலர் செய்யவில்லை. 2011-க்குப் பின் செலவழித்த எல் பாசோ நகரம் மேற்குக் கிரிட்டோடும் சேர்ந்தது. அங்கே 2021-ல் பெரும்பாலான வீடுகளில் விளக்கு அணையவே இல்லை. 2021 ஜூனில்தான் மாநிலச் சட்டம் வந்தது.

"தனிக் கிரிட் என்பதால்தான் எல்லாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாங்கள் படித்து முடித்த 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா இருண்டது. 60 கோடி மக்கள் வாழும் பகுதி. தென் கிரிட் அப்போது ஒத்திசைவில் சேரவில்லை, நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகச் சேர்ந்தோம். சேர்ந்ததும் சரி என்பதே என் கட்சி. ஆனால் எதில் சேர்ந்திருந்தாலும் வில்லியனூர் சப்ஸ்டேஷனுக்குக் கீழே என்ன நடக்கும் என்பது நம்ம பாடு.

தானே முடிந்த மறுநாள் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றது நினைவிருக்கிறது. தொட்டியில் பெட்ரோல் இருந்தது. மேலே இறைக்கக் கரண்ட் இல்லை. கரண்ட் கம்பம் நடும் லாரிக்கு டீசல் வேண்டும். அதே கம்ப்ரசர் கதைதான், அன்று எனக்குப் புரியவில்லை. இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்கிறீர்கள். இந்த ஊரில் குடிநீர்ப் பம்ப் எந்த ஃபீடரில், ஆஸ்பத்திரி எந்த ஃபீடரில், பெட்ரோல் பங்க் எந்த ஃபீடரில் என்று நடந்து போய் ஒரு வரைபடம் போடுங்கள். மே மாதம் நான்கு நாள் கரண்ட் இல்லாமல் போனால் எந்த வீட்டு மாடியில் யாரால் இருக்க முடியாது என்றும் சேர்த்துப் போடுங்கள். வழிகாட்ட நான் தயார். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எங்களுக்குப் பகல்தான்.

அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கங்கு விஷயத்தை மட்டும் சொல்லாதே என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லிட்டேன்மா, மன்னிச்சிடுங்க.