கொத்துத் தலைவலிக்கு ஒட்சிசன்: லயத்தில் வைக்கலாமா?

(தோட்டச் சுகாதாரக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய பேச்சு)



தலைவலி வராதவர் நம்மில் யார்? நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வந்தால் தலை இடிக்கத்தான் செய்யும். ஒரு பனடோல் போட்டு, தைலம் தடவிக்கொண்டு படுத்தால் விடிய சரியாகிவிடும். நான் இன்றைக்குப் பேச வந்தது வேறொரு தலைவலியைப் பற்றி.

இது தலையின் ஒரு பக்கம் மட்டும், கண்ணையும் கண்ணைச் சுற்றியும் பிடிக்கும். பழுக்கக் காய்ச்சின கம்பியால் குத்தின மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும், இமை தொங்கும். கால் மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை நிற்கும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வரைகூட வரலாம். பல பேரை ராத்திரியில் ஒரே நேரத்துக்கு எழுப்பிவிடும். சில வாரம், சில மாதம் இப்படி வந்துவிட்டு, பிறகு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒன்றும் இருக்காது. கொத்தாக வருவதால்தான் கொத்துத் தலைவலி என்று பெயர். ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும், ஆண்களுக்குத்தான் கூட.

ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டில் அசையாமல் படுப்பார். இவரால் படுக்க முடியாது. எழும்பி நடப்பார், சுவரில் தலையை முட்டுவார். பக்கத்துக் காம்பராக்காரர் என்ன சொல்வார்? "குடிச்சிட்டு ஆடுறான்" என்பார். இன்னொருவர் "காத்துக் கறுப்பு பிடிச்சிருக்கு, கோடங்கியைக் கூப்பிடு" என்பார். சிலர் பீனிசம் என்று மருந்து எடுப்பார்கள். சிலர் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள். வலி பொறுக்காமல் "செத்தாத் தேவல" என்று சொல்பவர்களும் உண்டு. அப்படிச் சொன்னால் அதை லேசாக எடுக்காதீர்கள். அவரைத் தனியாக விடவேண்டாம். புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் பேசலாம்.

பனடோல் இதற்குக் கேட்காது. கேட்பது சுத்தமான ஒட்சிசன். 1981இல் அமெரிக்க வைத்தியர் லீ குட்ரோ 52 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 39 பேருக்குக் குணம் தெரிந்தது. 2009இல் இங்கிலாந்து வைத்தியர்கள் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சில தடவை ஒட்சிசன், சில தடவை வெறுங்காற்று. எது எது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் வலி தீர்ந்தது அல்லது நன்றாகக் குறைந்தது, ஒட்சிசனுக்கு 100க்கு 78 தடவை, காற்றுக்கு 20தான். அந்த நாட்டில் அரசாங்க வைத்திய சேவையே இந்த நோயாளர் வீட்டுக்கு சிலிண்டர் கொடுக்கிறது.

எடுக்கும் முறை முக்கியம். வலி தொடங்கின உடனே எடுக்கவேண்டும். உட்கார்ந்து, கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்துகொள்ளவேண்டும். பை தொங்குகிற மாஸ்க் முகத்தோடு ஒட்டி இருக்கவேண்டும். மூக்குக் குழாய் போதாது, வெளிக்காற்று கலந்துவிடும். நிமிடத்துக்கு 12 முதல் 15 லீற்றர், 15 முதல் 20 நிமிடம். கணக்குப் பாருங்கள்: 12 லீற்றர்படி 15 நிமிடத்துக்கு 180 லீற்றர். 1360 லீற்றர் சிலிண்டர் ஏழு தடவைக்குத்தான் காணும். நிமிடத்துக்கு 5 லீற்றர் கொடுக்கிற வீட்டு மெஷின் இதற்குப் போதாது.

அப்படியென்றால் நாமும் ஒரு சிலிண்டர் வாங்கி வைக்கலாமே என்று கேட்பீர்கள். அவசரப்படவேண்டாம். ஒட்சிசன் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் கொழுந்துவிட்டு எரிய வைக்கும். சிலிண்டருக்கும் நெருப்புக்கும் நடுவே 10 அடியாவது இருக்கவேண்டும். பழைய லயத்துக் காம்பராவே பத்துக்குப் பன்னிரண்டு அடிதானே? அதற்குள்ளே விறகடுப்பு, குப்பி விளக்கு, சாமி விளக்கு, பீடி. எண்ணெய்க் கையால் சிலிண்டரைத் திறந்தாலும், முகத்தில் தைலத்தோடு மாஸ்க் போட்டாலும் ஆபத்து. உடுப்பிலும் போர்வையிலும் ஒட்சிசன் தங்கி நிற்கும். எடுத்து முடித்த கையோடு அடுப்படிக்குப் போகக்கூடாது. ஆகவே அடுப்பும் படுக்கையும் ஒன்றாக இருக்கிற காம்பராவில் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். தனி வீட்டுக்காரரும் டொக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வைக்கலாம். நாள்பட்ட நெஞ்சு நோய்க்காரருக்குக் கூடுதல் ஒட்சிசன் கெடுதலும் செய்யும். வெல்டிங் கடை சிலிண்டரைத் தொடவே கூடாது.

அப்போ லயத்துக்காரர் என்ன செய்வது? வலி வந்த நேரம், எந்தக் கண், எத்தனை நிமிடம் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். அதை டிஸ்பென்சரியில் காட்டி, பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு வாங்குங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பியல் கிளினிக் இருக்கிறது. இந்த நோய்தான் என்று டொக்டர் முடிவு செய்தால், ஒட்சிசன் அளவைக் கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். ராத்திரி வலி வந்தால் அந்தக் கொப்பியைக் கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் காட்டலாம். வலி வராமல் தடுக்க வெரபமில் என்ற மாத்திரையும் உண்டு, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வலி வருகிற காலத்தில் சாராயம், கசிப்பு, பியர் எதுவும் ஆகாது; குடித்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வலி கிளம்பலாம்.

இன்னொன்று. இதுவரை வராத கடும் தலைவலி திடீரென்று வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கை கால் விழுந்தால், வலிப்பு வந்தால், கொப்பி எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், காசு இல்லை.

இந்த நோய்க்காரருக்கு வீட்டு ஆட்களின் நம்பிக்கைதான் முதல் தேவை. அவர் நடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.