பத்மா என்னும் பெயர்



நம் இல்லங்களில் பத்மா என்று அழைக்கப்பெறும் பெண்கள் பலர். பத்மம் என்னும் வடசொல் தாமரையைக் குறிக்கும். தமிழில் அது பதுமம் ஆயிற்று. சீவக சிந்தாமணியில் அரவு தீண்டிய நங்கை ஒருத்தியின் நஞ்சைத் தீர்த்துச் சீவகன் அவளை மணக்கின்றான். அவள் பெயர் பதுமை. நம் காப்பியத்திலேயே இப்பெயர் தமிழ் வடிவம் பெற்றுவிட்டது.

இதன் நெடிய வடிவங்களுள் இரண்டு நம் சமயத்தோடு நெருங்கிய தொடர்புடையன. பத்மாவதி என்பது 23ஆம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதரின் யட்சியின் பெயர். பத்மபிரபா என்பது 6ஆம் தீர்த்தங்கரரின் திருப்பெயரை நினைவூட்டுவது; அவர்தம் இலாஞ்சனமும் தாமரையே. பொன்னூர் மலையில் நாம் போற்றி வணங்கும் குந்தகுந்தாசாரியருக்கும் பத்மநந்தி என்னும் பெயருண்டு.

பள்ளிப் பதிவேட்டிலும் திருமண அழைப்பிதழிலும் பத்மா என்று மட்டுமே எழுதிவிட்டால், யாரை நினைந்து இட்ட பெயர் என்பதைப் பெயரர் அறியமாட்டார். வீட்டில் சுருக்கி அழைப்பதில் குறையொன்றும் இல்லை. ஆயினும் முழுப்பெயரை எழுதிவைத்து, அதன் காரணத்தையும் அப்பெண்ணுக்குச் சொல்லி வளர்த்தல் பெற்றோர் கடமையாகும்.

அறம் வளர்க!