வலிக்காத கட்டியும் புதிய காமிராவும்

(கடலூர், சிதம்பரம் தொழிலாளர் கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



சிதம்பரம் பக்கத்தில் நடவு வேலைக்குப் போகும் ஒரு தாய், மார்பில் கட்டி வந்ததை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்று கேட்டோம். "வலியே இல்லையே தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குக் கூலி போச்சே" என்றார். மார்புப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் ஆபத்து. எட்டு மாதத்தில் நோய் அக்குள்வரை பரவிவிட்டது.

இந்த நோயைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் புதிய கருவி ஒன்றைத் தந்திருக்கிறது. மேமோகிராம் என்பது மார்புக்கான எக்ஸ்ரே. சில பெண்களுக்கு மார்பின் திசு அடர்த்தியாக இருக்கும். படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதைதான். புதிய முறையில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றுகிறார்கள். புற்றுநோய்ச் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து வரும் காமாக் கதிரை, மார்புக்கென்றே செய்த காமிரா ஒட்டி நின்று படம் பிடிக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டிகூடத் தெரியலாம்.

இந்தப் பொருள் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்; வாங்கி அடுக்கி வைக்க முடியாது. மாலிப்டினம் அடைத்த கலத்திலிருந்து அன்றன்றைக்கு எடுக்க வேண்டும். அந்தக் கலத்துக்கு 'பசு' என்றும், எடுப்பதற்குக் 'கறப்பது' என்றும் அத்துறையில் பெயர்!

குறையும் உண்டு. கதிர் உடம்பு முழுவதும் படுகிறது. ஆகவே எல்லோருக்கும் வருஷா வருஷம் எடுக்கிற படமல்ல இது. படம் சந்தேகத்தைத்தான் காட்டும். ஊசியால் சதை எடுத்துச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும்.

ஆகவே நாம் கேட்பது என்ன? கட்டியோடு வரும் பெண்ணுக்கு 60 நாளுக்குள் நோய் இன்னதென்று சொல்லிவிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலூரிலும் சிதம்பரத்திலும் மேமோகிராமும் ஊசிச் சோதனையும் காசில்லாமல், காத்துக் கிடக்காமல் கிடைக்க வேண்டும். தேவைப்பட்டவருக்குப் புதிய காமிராவும் எட்ட வேண்டும். சோதனை நாளுக்குக் கூலி வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா? சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வாரக்கணக்கில் போராடினார்கள். 2021ல் அந்தக் கல்லூரி சர்க்காரின் சுகாதாரத் துறைக்கு மாறியது. நம் ஊரிலேயே நடந்தது இது!

தாய்மார்களே, வெட்கம் வேண்டாம். கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆண் தோழர்களே, அன்றைக்கு அடுப்பை நாம் பார்த்துக்கொள்வோம்!