சட்டைப்பைக் கணினி

இணையத்தைத் தாங்கிவரும் சிறு கையடக்கக் கணினி ஒன்றில் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது? இவ்வினாவுக்கு 2001ஆம் ஆண்டிலேயே பெங்களூர் அறிஞர்கள் ஒரு விடை கண்டனர். இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் சேர்ந்து உருவாக்கிய 'சிம்பியூட்டர்' கருவியில் இரண்டு வசதிகள் சிறப்பிடம் பெற்றன. எழுத்தறியாதாருக்கு வாசித்துக் காட்டும் குரல் ஒன்று. ஒரே கருவியைப் பலரும் தத்தம் அட்டையைச் செருகிப் பயன்கொள்ளும் ஏற்பாடு மற்றொன்று. 2004இல் விற்பனைக்கு வந்த அக்கருவி பெருவாரியாகப் பரவவில்லை. ஆயினும், 'யாருடைய கைக்கு?' என்று அவர்கள் முதலிற் கேட்ட கேள்வி இன்றும் பழுதன்று.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஒரே தொலைபேசியைப் பல பிள்ளைகள் பங்கிட்ட லயன் வீடுகள் உண்டு. கொழுந்து பறிக்கச் சென்ற தாயோடு தொலைபேசியும் சென்றுவிட்டால், அன்றைய பாடம் மாலைவரை காத்திருக்கும். இப்பிள்ளைகளுக்கு நுட்பமான ஒளிப்படக் கருவி முதற்றேவையன்று. ஒருமுறை இறக்கிய பாடம் இணைப்பின்றியும் திறக்க வேண்டும்; மின்கலம் நாள் முழுதும் நிற்க வேண்டும்; மலைநாட்டு மழையைக் கருவி தாங்க வேண்டும்; பிள்ளைக்கொரு தனிக் கணக்கும், தமிழில் வாசிக்கும் குரலும் வேண்டும்.

கருவி சமைப்போர் கடைவீதியிலிருந்தன்றி, லயத்து வாசலிலிருந்து எண்ணத் தொடங்குவாராக.