நட்பரசின் போரும் நாட்டவர் வாக்கும்



கவிதை வளர்க்கும் மன்றத்தின் ஆண்டு விழாவில் வாக்கு எண்ணிக்கையைப் பற்றிப் பேச வந்துவிட்டாளே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். என்னை இத்தலைப்பிற்கு அழைத்துவந்ததே ஒரு கவிதைதான். புறநானூற்றின் 72ஆம் பாட்டு, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம். பகைவரை வெல்லேனாயின் எனக்கு இவை நேர்க என்று அவன் மூன்று கேடுகளைச் சொல்கிறான். என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று பழிக்கட்டும். மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் என் நாட்டைப் பாடாது நீங்கட்டும். இரப்பவர்க்கு ஈய இயலாத வறுமை என்னை வந்து அடையட்டும். தேர்தல் என்பதையே அறியாத மன்னன் போரையும் குடிபழியையும் புலவர் வாயையும் ஒரே பாட்டிற்குள் வைத்துவிட்டான். ஆயினும் அவன் அஞ்சியது தோற்றால் வரும் பழிக்கே. போர் தொடுத்ததற்கே பழி வருமா என்னும் வினா அங்கு எழவில்லை. அதிலும், தன் நாட்டைத் தாக்காத ஒரு நாட்டின்மேல், வல்லரசொன்றின் நட்புக்காகப் படை அனுப்பிய தலைவனைக் குடிமக்கள் என்ன செய்வார்கள்? 2003ஆம் ஆண்டின் ஈராக் போர் இதற்கு விடை தேடத் தக்க களம்.

அவ்வாண்டு மார்ச் 16ஆம் நாள், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அசோர்ஸ் தீவில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ்ஷுடன் மூன்று பிரதமர்கள் கூடினர். பிரிட்டனின் டோனி பிளேர், ஸ்பெயினின் அஸ்னார், விருந்தோம்பிய போர்ச்சுக்கலின் பரோசோ ஆகியோர் அவர்கள். 20ஆம் நாள் போர் தொடங்கிற்று. அதற்கு ஒரு திங்கள் முன்னரே, பிப்ரவரி 15 அன்று, லண்டனிலும் ரோமிலும் மாட்ரிடிலும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போர் வேண்டாம் என்றனர்.

ஸ்பெயினில் பத்தில் ஒன்பது பேர் போரை எதிர்த்தனர் எனக் கருத்துக் கணிப்புகள் காட்டின. கோயா திரைப்பட விருது விழாவிற்கு வந்த கலைஞர்கள் போர் எதிர்ப்புச் சொற்களை மார்பில் ஒட்டிக்கொண்டு மேடையேறினர். இத்துணை எதிர்ப்பிற்குப் பிறகு மே மாத உள்ளாட்சித் தேர்தலில் அஸ்னாரின் மக்கள் கட்சி மண்ணைக் கவ்வியிருக்க வேண்டுமல்லவா? அவ்வாறு நேரவில்லை. மாட்ரிட் மாநகராட்சியே அக்கட்சியின் கையில் நின்றது. போர் வேண்டாம் என்று ஊர்வலம் சென்ற கால்களுள் சில, வாக்குச் சாவடிக்குச் சென்றபோது குப்பை அள்ளுவதையும் வீட்டு விலையையும் நினைத்துக்கொண்டன போலும்.

2004 மார்ச் 11ஆம் நாள் காலையில் மாட்ரிட் புறநகர் இரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொதுத்தேர்தலுக்கு மூன்றே நாட்கள். இது பாஸ்க் தீவிரவாதிகளான எட்டா அமைப்பின் வேலை என்று அரசு அடித்துச் சொல்லிற்று. காவல்துறைக்குக் கிடைத்த தடயங்களோ இசுலாமியத் தீவிரவாதக் குழுவைச் சுட்டின. 13ஆம் நாள் மாலை, கைப்பேசிச் செய்திகளால் திரண்ட மக்கள் ஆளுங்கட்சி அலுவலகங்களின் முன்நின்று உண்மையைக் கேட்டனர். மறுநாள் நான்கில் மூன்று பேருக்குமேல் வாக்களித்தனர். 183 இடங்கள் வைத்திருந்த மக்கள் கட்சி 148ஆகச் சுருங்கியது. சோசலிசக் கட்சி 125இலிருந்து 164ஆக உயர்ந்தது.

ஸ்பானிய மக்கள் அச்சத்தால் பணிந்துவிட்டனர் என்று அந்நாளில் பலர் எழுதினர். நான் அதனை ஏற்பதற்கில்லை. படையைத் திரும்ப அழைப்பேன் என்பதைச் சபாத்தேரோ குண்டு வெடிப்பிற்கு முன்னரே வாக்குறுதியாகத் தந்திருந்தார். அஞ்சியவர்கள் தேர்தலுக்கு முன்னிரவில் தெருவில் நின்று கேள்வி கேட்பதும் இல்லை. மக்களைச் சினங்கொள்ளச் செய்தது, மறைக்கிறார்கள் என்னும் ஐயம். போருக்கு இழுத்துச் சென்றபோதும் கேளாச்செவி, பிணம் கிடக்கும்போதும் மறைப்பு என்ற இரண்டும் அந்த மூன்று நாட்களில் ஒன்றாகத் தோன்றிவிட்டன. அஸ்னார் அத்தேர்தலில் நிற்கவில்லை என்பது கருதத்தக்கது. இருமுறைக்குமேல் ஆள்வதில்லை என்று முன்னரே சொல்லியிருந்தார். அவர் விதைத்ததை அறுத்தவர் அவருடைய வழித்தோன்றலான ரஜோய்.

ஆஸ்திரேலியாவின் கதை நேர்மாறானது. 2003 பிப்ரவரியில் அந்நாட்டு மேலவை, பிரதமர் ஹோவர்டின் மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானம் இயற்றிற்று. பதவியிலிருக்கும் பிரதமர்மேல் மேலவை அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை. ஆனால் 2004 அக்டோபர் தேர்தலில் அவர் முன்னினும் வலிமையுடன் வென்றார். மேலவையும் அவர் வசமாயிற்று. வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிய பேச்சு அத்தேர்தலில் போரை விழுங்கிவிட்டது. படையெடுப்பில் ஆஸ்திரேலியப் பிணங்கள் ஊர் திரும்பவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். அதே நாடு வியட்நாம் போரில் நடந்துகொண்ட முறையை நோக்கினால் இது விளங்கும். 1966இல் ஜான்சனுக்குத் தோள்கொடுத்த ஹரால்டு ஹோல்ட் பெருவெற்றி பெற்றார். அப்போது இருபது வயது இளைஞரின் பிறந்தநாள் பொறித்த கோலிகளைச் சுழற்றிக் குலுக்கி எடுத்துப் படைக்கு ஆள் சேர்த்தனர். எந்தத் தாய்தான் அந்தக் கோலி உருளும் ஓசையை மறப்பாள்? எனினும் அந்த ஓசை வாக்குப் பெட்டியைச் சென்றடைய ஆறாண்டுகள் ஆயின. 1972 டிசம்பரில் விட்லம் வென்று, கட்டாயப் படைச் சேர்ப்பை முடித்துவைத்தபோது ஹோல்ட் கடலில் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன.

பிரிட்டனுக்கு வருவோம். 2003 மார்ச் 18 அன்று மக்களவையில் பிளேரின் சொந்தக் கட்சியினர் 139 பேர் போருக்கு எதிராக வாக்களித்தனர். முந்தைய நாள் ராபின் குக் அமைச்சரவையிலிருந்து விலகியிருந்தார். ஆயினும் எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சி போரை ஆதரித்தமையால் தீர்மானம் நிறைவேறிற்று. பிளேரைப் பின்னாளில் காத்ததும் இதுவே. போருக்காக அவரைத் தண்டிக்க விரும்பியவர், அதே போரை ஆதரித்த மற்றவருக்கு வாக்களிப்பதெங்ஙனம்? 2005 மே 5இல் தொழிற்கட்சி 35 விழுக்காட்டு வாக்குடன் மூன்றாம் முறையும் வென்றது. பெரும்பான்மை மட்டும் 160க்கு மேலிருந்து 66ஆக வீழ்ந்தது. போரை எதிர்த்த லிபரல் ஜனநாயகக் கட்சி 62 இடங்களைப் பெற்றது.

பிளேரின் செட்ஜ்பீல்டு தொகுதியில், ஈராக்கில் மகனை இழந்த தந்தை ஒருவர் சுயேச்சையாக நின்றார். பத்தில் ஒரு பங்கு வாக்கே அவருக்குக் கிடைத்தது. முடிவு அறிவித்த மேடையில் அவர் மகனைப் பற்றிப் பேசியபோது, வென்ற பிரதமர் அவர் பின்னால் அசையாது நின்றார். பெற்ற வாக்குகளின் எண்ணிக்கையைக் கொண்டு அந்தக் காட்சியை அளக்க என்னால் இயலவில்லை. 2007 ஜூனில் பிளேர் பதவி நீங்கினார். சில்காட் அறிக்கை வெளிவந்தது 2016இல். அதற்குள் தீர்ப்பளிக்கத் தேர்தல் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

இந்நாடுகளின் வாக்காளர்கள் எடைபோட்டவை எவை? தலைவர் பொய்யுரைத்தாரா, நம் பிள்ளைகள் மாண்டனரா, மாற்றாக நிற்பவர் யார் என்பன. ஈராக்கில் பிரிட்டன் இழந்த படைவீரர் 179 பேர். மாண்ட ஈராக்கியக் குடிமக்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர். இந்த இரண்டாம் எண் பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ ஆட்சியை மாற்றியதா என்று தேடிப் பார்த்தேன். காணக் கிடைக்கவில்லை. அந்த எண்ணைக் கணக்கில் கொள்ளும் இடம் வேறாகத்தான் இருக்க வேண்டும். 2003 ஜனவரியில், பிரிட்டனின் அரசவைக் கவிஞர் ஆண்ட்ரு மோஷனே போருக்கு எதிராகச் சிறியதொரு கவிதை எழுதி வெளியிட்டார். அமெரிக்காவில் வெள்ளை மாளிகைக் கவிதை விழாவிற்கு அழைக்கப்பெற்ற சாம் ஹாமில், போர் எதிர்ப்புக் கவிதைகளைத் திரட்டத் தொடங்கியதும் அவ்விழாவே தள்ளிவைக்கப்பட்டது. மாங்குடி மருதன் பாடாது நீங்குவானோ என்று நெடுஞ்செழியன் அஞ்சியது வீணான அச்சமன்று.

ஈராக்கியக் கவிஞர் சாதி யூசுப் நாடுவிட்டு நாடு அலைந்து, இறுதியில் பிரிட்டனில் வாழ்ந்து 2021இல் மறைந்தார். துன்யா மிகாயில் அமெரிக்காவில் வாழ்கிறார். படை அனுப்பிய நாடுகளிலேயே இவர்கள் புகலடைந்தனர். வரும் ஆண்டில் நம் மாதக் கூட்டங்களுள் ஒன்றை இவ்விருவர் கவிதைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மொழிபெயர்க்க முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னைக் காணலாம்.