தச்சு வேலை பார்த்தவர் பெற்ற நோபல் பரிசு



பட்டம் பெற்ற பிள்ளை கைத்தொழிலுக்குப் போனால், "படிக்க வைத்ததெல்லாம் வீண்" என்று மனம் உடைந்துவிடுகிறோம்.

ஜெஃப்ரி ஹிண்டன் என்ற ஆங்கிலேயர் 1970இல் கேம்பிரிட்ஜில் உளவியல் பட்டம் பெற்றார். அதன்பின் சில காலம் தச்சு வேலைதான் பார்த்தார். மீண்டும் படிக்கப் போய், 1978இல் எடின்பரோவில் முனைவர் பட்டம் வாங்கினார். மூளையின் நரம்புப் பின்னலைப் போலக் கணினியும் கற்றுக்கொள்ளும் என்றார். பல ஆண்டுகள் பலர் நம்பவில்லை, அவரும் விடவில்லை.

2023இல், 75 வயதில், கூகுள் வேலையை விட்டார். தம் துறையின் ஆபத்துகளைத் தயக்கமின்றிப் பேசவே விலகினார். 2024இல் இயற்பியல் நோபல் பரிசு வந்தது. மரவேலை மீதான விருப்பம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

பிள்ளை உளி பிடித்தால் வெட்கப்படாதீர்கள். திரும்பப் படிக்கக் கேட்டால், வயதாகிவிட்டது என்று தடுக்காதீர்கள்.